108, ஏரியா பசங்க வண்டி, பிரைவேட் ஆம்புலன்ஸ்: ஒரே வருஷத்துல மூணுலயும் போன அனுபவம்

போன நவம்பர்லேந்து இந்த அக்டோபர் வரைக்கும் எங்க வீட்டுக்காக மூணு விதமான ஆம்புலன்ஸ் வந்துட்டு போயிருக்கு. அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்தப்ப 108, அவர் டிஸ்சார்ஜ் ஆகி வந்தப்ப எங்க ஏரியா பசங்க நடத்துற இலவச வண்டி, பாட்டிய ஒரு ஆஸ்பத்திரிலேந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாத்தினப்ப காசு குடுத்து கூப்ட்ட பிரைவேட் வண்டி. பிரியாணி சாப்டா ரிவ்யூ போடுறோம், மிக்ஸி வாங்கினா போடுறோம், உயிர் ஊசலாடுற நேரத்துல யார நம்பி படுக்குறோமோ அவங்கள பத்தி ஒருத்தரும் விவரமா எழுதி நான் படிச்சதில்ல. அன்னைக்கு விடியக்காலைல இதுல பாதி தெரிஞ்சிருந்தா கூட நான் அவ்ளோ தடுமாறியிருக்க மாட்டேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல 108.

மணி நாலே முக்கால் இருக்கும். அப்பா பாயில எழுந்து உக்காந்து நெஞ்ச தடவிட்டே இருந்தாரு. வாயு புடிச்சிருக்கும்னு அம்மா ஓமத் தண்ணி வெக்க போயிட்டாங்க. நான் லைட்ட போட்டு பாத்தா பனியன் முழுக்க நனைஞ்சு ஒட்டிட்டு இருக்கு. வெளிய மழை தூறிட்டு இருக்கு, ஃபேன் ஓடுது, இவருக்கு மட்டும் ஒரு கொடம் தண்ணி ஊத்தின மாதிரி வேர்வை. இடது கை கனமா இருக்குன்னாரு, தாடை வலிக்குதுன்னாரு, பல்லு வலியா இருக்குமோன்னு கூட ஒரு செகண்ட் நெனச்சேன். கீழ் வீட்டு அண்ணன் சத்தம் கேட்டு மேல வந்து, ஆட்டோ நிக்குது வாங்க அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்னு சொன்னாரு. அவர் மனசு தங்கம். ஆனா என் தங்கச்சி தான் வேணாம்ணா 108-க்கு அடின்னு கத்தினா. ஆட்டோல போற வழில நின்னு போச்சுன்னா யாருக்கு என்ன பண்ண தெரியும்னு கேட்டா. பதில் இல்ல எங்ககிட்ட.

ஃபோன எடுத்தவங்க பதறவே இல்ல. எந்த ஏரியா, பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச இடம் எது, எத்தன வயசு, பேசுறாரா, மூச்சு வாங்குதா, வேர்க்குதா, சுகர் பிபி ஏற்கனவே இருக்கா. எனக்கு உள்ளுக்குள்ள கோவம் கோவமா வந்துச்சு, வண்டிய அனுப்பாம என்ன கேள்வின்னு. அப்பறம் தான் புரிஞ்சுது, எந்த மாதிரி வண்டி தேவை, வண்டி வர்ற வரைக்கும் நம்மள என்ன பண்ண சொல்லணும்ங்கறதே அந்த பதில்ல தான் இருக்கு. அவர படுக்க போடாதீங்க, சாஞ்சு உக்கார வைங்க, நடக்க விடாதீங்க, தண்ணி காபி எதுவும் குடுக்காதீங்கன்னாங்க. அம்மா கைல ஓமத் தண்ணி டம்ளரோட நின்னுட்டு இருந்தாங்க, அப்படியே கீழ வெச்சிட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல வேற நம்பர்லேந்து கால், சார் 108 வண்டிலேந்து பேசுறோம், அயனாவரம் சிக்னல் தாண்டிட்டோம், எந்த சந்துன்னு.

மெட்ரோ வேலைக்காக கொன்னூர் ஹை ரோட்டுல எங்க பாத்தாலும் தகரம் அடிச்சு வெச்சிருக்கற சமயம், நேத்து போன வழி இன்னைக்கு இருக்காது. அப்படியும் ஃபோன் பண்ணதுலேந்து 14 நிமிஷத்துல வந்துட்டாங்க. என் ஃபோன்ல டைம் இருக்கு, அதனால உறுதியா சொல்றேன். சந்துக்குள்ள வண்டி நுழையல, ரெண்டு பக்கமும் பைக். கீழ் வீட்டு அண்ணன் தான் ஓடி போய் ஒவ்வொரு வண்டியா ஓரங்கட்டினாரு.

வண்டில வந்த ஈஎம்டி (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன், ஆஸ்பத்திரி போய் சேர்ற வரைக்கும் நோயாளிய பாத்துக்கறவங்க) பொண்ணுக்கு இருவத்தஞ்சு வயசு இருந்தா பெருசு. தோள்ல ஒரு பை, கைல ஒரு பை, படி ஏறி வந்து மூச்சு கூட வாங்காம அப்பா முன்னாடி முட்டி போட்டு உக்காந்து "அப்பா, என்ன பாருங்கப்பா, எங்க வலிக்குது, விரல வெச்சு காமிங்க"ன்னாங்க. அப்பா விரல வெக்கல, உள்ளங்கைய விரிச்சு நெஞ்சு முழுக்க வெச்சாரு. அத பாத்ததும் அந்த பொண்ணு முகம் மாறுச்சு, ஆனா குரல் மாறல. பிபி, சுகர், விரல்ல கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு, எல்லாம் மளமளன்னு. அம்மா அழுதுட்டே மாஸ்க் போடலியாம்மான்னு கேட்டாங்க. "96 இருக்கும்மா, இப்ப மாஸ்க் தேவையில்ல, கொறஞ்சா உடனே போட்டுடுவேன்"னாங்க. இந்த ஒரு வரிய ஞாபகம் வெச்சுக்கோங்க, பிரைவேட் வண்டி கதை வரும்போது தேவைப்படும்.

எங்க வீட்டு மாடிப்படி ரொம்ப குறுகல், நடுவுல ஒரு திருப்பம், அதுல ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அப்பா நான் மெதுவா எறங்கிடுறேன்னு எழுந்தாரு. ஒரு அடி கூட வெக்கக்கூடாதுப்பான்னு தோள அழுத்தி உக்கார வெச்சுட்டு, எங்க வீட்டு பிளாஸ்டிக் சேர் ஒண்ண எடுத்து அது தாங்குமான்னு தானே ஏறி உக்காந்து பாத்தாங்க. அப்பறம் என் தங்கச்சி துப்பட்டாவால அப்பா இடுப்ப சேரோட கட்டி, பைலட் அண்ணன் கீழ்ப்பக்கம், நானும் கீழ் வீட்டு அண்ணனும் மேல்பக்கம், அப்படியே உக்காந்த வாக்குல எறக்கினோம். (108-ல டிரைவர்னு சொல்ல மாட்டாங்க, பைலட் தான். மே 26-ம் தேதிய பைலட் தினம்னும், ஏப்ரல் 2-ம் தேதிய ஈஎம்டி தினம்னும் கொண்டாடுறாங்க, இனிமே அந்த ரெண்டு நாளும் எங்க வீட்டுலயும் ஞாபகம் இருக்கும்.)

வண்டிக்குள்ள நடந்தது தான் இந்த ரிவ்யூவோட உயிர்நாடி. நான் ஓரத்துல இருந்த பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் பாத்தேன். வண்டி கெளம்புறதுக்கு முன்னாடியே அந்த பொண்ணு பிளாஸ்டர நாலு துண்டா கிழிச்சு, மேல கம்பில வரிசையா ஒட்டி வெச்சாங்க. எதுக்குன்னு அப்ப புரியல. வண்டி ஓட ஆரம்பிச்சதும் அப்பா கைல ஊசி ஏத்தி லைன் போடணும், அப்ப ஒரு கைய நகத்த முடியாது, இன்னொரு கையால பிளாஸ்டர் கிழிக்கவும் முடியாது, அதுக்கு தான். மேடவாக்கம் டேங்க் ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் முன்னாடிலேந்து பைலட் அண்ணன் "மேடு வருதும்மா"ன்னு ஒரு குரல் குடுப்பாரு, இந்த பொண்ணு ஊசிய அப்படியே அந்தரத்துல நிறுத்திடுவாங்க, வண்டி ஏறி எறங்கினதும் திரும்ப ஆரம்பிப்பாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திரும்பி பாக்கவே இல்ல.

நடுவுல கண்ட்ரோல் ரூம் டாக்டர்கிட்ட ஃபோன்ல பேசினாங்க, சார் 64 வயசு ஆண், இத்தன நிமிஷமா வலி, பிபி இவ்ளோ, சுகர் இவ்ளோன்னு மூச்சு விடாம. அப்பறம் என்கிட்ட திரும்பி அல்சர் இருக்கா, எதாவது மாத்திரை ஒத்துக்காம போயிருக்கா, ரத்தம் உறையாம இருக்க எதாவது சாப்பிடுறாரான்னு கேட்டு, டாக்டர் சொன்ன மாத்திரைய அப்பா வாயில போட்டு முழுங்காதீங்கப்பா கடிச்சு மெல்லுங்கன்னாங்க. ஒவ்வொண்ணு பண்ணும்போதும் மணிய பாத்து இடது கை கிளவுஸ் மேல பேனாவால எழுதிக்கிட்டே வந்தாங்க. 160/100, 5:08, மாத்திரை 5:12. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எமர்ஜென்சில எறங்குனதும் அங்க இருந்த டியூட்டி டாக்டர்கிட்ட அந்த கைய பாத்து தான் எல்லாத்தையும் ஒப்பிச்சாங்க. முன்னாடியே தகவல் போயிருந்ததால ரெட் ஜோன்ல (ரொம்ப சீரியஸான கேஸ மொதல்ல பாக்குற இடம்) ஆளுங்க ரெடியா நின்னாங்க, எறங்குன வேகத்துல ஈசிஜி. அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சாங்க, முதலமைச்சர் காப்பீட்டுல முடிஞ்சுது. இப்ப காலைல பேப்பர் படிச்சுட்டு டீ சர்க்கரை இல்லாம குடிக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சண்ட போடுறாரு.

நான் ஓடி போய் ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். அந்த பொண்ணு ரெண்டு கையயும் பின்னாடி எடுத்துக்கிட்டாங்க. "வேணாம்ணா, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு ஃபாரத்த குடுத்தாங்க. ஸ்ட்ரெச்சர மருந்து அடிச்சு தொடச்சுட்டு இருக்கும்போதே அடுத்த கால் வந்துடுச்சு, ஓட்டேரி பக்கம் ஒரு பிரசவ கேஸ். பைலட் அண்ணன் வாங்கின டீ பாதி கிளாஸ்ல அப்படியே நின்னுச்சு, கெளம்பிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு 108-லேந்து ஃபோன் பண்ணி அப்பா எப்படி இருக்காருன்னு விசாரிச்சாங்க, இது அவங்க வழக்கமாம், 48 மணி நேரம் கழிச்சு கேப்பாங்களாம்.

இந்த சர்வீஸ் 2005-ல ஹைதராபாத்ல ஆரம்பிச்சது, நம்ம தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர்ல வந்துச்சு. இப்ப மாநிலம் முழுக்க 1300 வண்டிக்கு மேல ஓடுது. சந்து பொந்துல போறதுக்குன்னு 2016-ல சென்னைல பைக் ஆம்புலன்ஸும் விட்டாங்க. பச்சக் கொழந்தைங்களுக்குன்னு தனி வண்டியே இருக்கு. ஒரு பைசா வாங்குறதில்ல. ஆனா உள்ள வேல பாக்குறவங்க நெலமைய சொல்லாம நட்சத்திரம் மட்டும் குடுத்துட்டு போக மனசு வரல. 12 மணி நேர ஷிஃப்ட். ராத்திரி எட்டு மணிக்கு ஏறினா காலைல எட்டு. வேல நேரம், சம்பளம், போனஸ்னு எத்தனயோ தடவ போராட்டம் பண்ணிருக்காங்க, அப்பல்லாம் நானும் செய்திய படிச்சுட்டு பக்கத்த திருப்பிருக்கேன். அந்த கிளவுஸ் மேல எழுதுன கையெழுத்த பாத்ததுக்கு அப்பறம் அப்படி திருப்ப முடியல. பதினோராவது மணி நேரத்துல ஓடுற வண்டில நரம்பு தேடி ஊசி போடுற கை அது. அவங்க கேக்குறது நியாயம், முழுக்க நியாயம்.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, 108 அவசரத்துக்கு மட்டும் தான். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வரணும், ஸ்கேன் எடுத்துட்டு வரணும், டயாலிசிஸுக்கு போகணும்னா கூப்பிடக்கூடாது, அந்த நேரத்துல ஒரு உண்மையான கேஸுக்கு வண்டி இல்லாம போயிடும். சும்மா விளையாட்டுக்கு 108-க்கு ஃபோன் போடுற பசங்க வீட்டுல இருந்தா ஒரு தட்டு தட்டி வைங்க.

சரி, அப்ப டிஸ்சார்ஜுக்கு என்ன பண்றது. இங்க தான் எங்க ஏரியா பசங்க வந்தாங்க.

மன்றத்து பேரு வேணாம், அவங்களே போட வேணாம்னுட்டாங்க. ஒரு பழைய மாருதி ஆம்னி. கோயம்பேட்டுல காய் எறக்குற ஒருத்தர், ஒரு ஆட்டோ டிரைவர், ஏசி மெக்கானிக், காலேஜ் பசங்க ரெண்டு மூணு பேர், இவங்க தான் டீம். யாருக்கும் சம்பளம் கெடையாது. வண்டிக்குள்ள ஒரு உண்டியல் இருக்கும், டீசல் பெட்ரோல்னு யாரும் கேக்க மாட்டாங்க, போட்டா போடுங்க. வெள்ளத்துல, கொரோனாவுல எல்லாம் இந்த மாதிரி ஆளுங்க பண்ணது சென்னைக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டோம். தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) ஆம்புலன்ஸ பாக்காத ஊர் நம்ம மாநிலத்துல இருக்கா, கொரோனாவுல சொந்தக்காரங்களே கிட்ட வர பயந்தப்ப மதம் ஜாதி பாக்காம அடக்கம் பண்ணி குடுத்தவங்க அவங்க. அந்த வழில வந்த பசங்க தான் எங்க ஏரியா பசங்களும்.

இவங்ககிட்ட நான் பாத்த பெரிய விஷயம் நேரம். 108-ல இருக்கவங்களுக்கு நிக்க நேரம் கெடையாது, அது அவங்க தப்பு இல்ல. இந்த பசங்க காலைல பத்து மணிக்கே வந்துட்டாங்க, பில்லிங், மருந்து சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கைக்கு வர மத்தியானம் மூணு ஆச்சு, அது வரைக்கும் மரத்தடில உக்காந்திருந்தாங்க. அம்மாவுக்கு சாப்பாடு வாங்கி குடுத்தது அந்த ஏசி மெக்கானிக் தம்பி தான். வீட்டு மாடிப்படில அதே சேர் டெக்னிக் தான், இந்த தடவ மேல ஏத்தணும். ஒவ்வொரு படிக்கும் "மாமா கால தொங்க விடுங்க, கைய வெளிய நீட்டாதீங்க, மாமா ரெஸ்ட்"னு சொல்லி சொல்லி ஏத்தினாங்க. கட்டில்ல படுக்க வெச்சுட்டு, ஃபேன் காத்து நேரா மூஞ்சில அடிக்குதான்னு பாத்து கட்டில கொஞ்சம் நகத்திட்டு தான் போனாங்க. அடுத்த ரெண்டு வாரத்துல மூணு தடவ சும்மா எட்டி பாத்துட்டு போனாங்க.

கொறையும் இருக்கு, அவங்க முன்னாடியே சொல்லிருக்கேன் அதனால இங்கயும் எழுதுறேன். வண்டில ஸ்ட்ரெச்சர் இருக்கு, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு, பின்னாடி உக்கார பயிற்சி எடுத்த ஆள் இல்ல. அப்பாவுக்கு அன்னைக்கு விடியக்காலைல 108-க்கு பதிலா இவங்கள கூப்ட்டிருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருப்பாங்க, பக்கத்து தெரு தான், ஆனா அந்த மாத்திரை, அந்த ஊசி, டாக்டர்கிட்ட பேசுனது, ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டி தகவல், எதுவுமே நடந்திருக்காது. இத சொன்னப்ப அந்த பசங்க கோச்சுக்கல. "தெரியும்ணா, நெஞ்சு வலின்னா நாங்களே 108-க்கு தான் அடிப்போம், நாங்க போய் படிலேந்து எறக்கி ரெடியா வெப்போம்"னாங்க. எவ்ளோ தெளிவு பாருங்க.

இவங்க ரோட்டு ஆக்சிடென்ட்டுக்கும் ஓடுறாங்க. அடிபட்டவர தூக்கினா போலீஸ் கேஸு, கோர்ட்டுன்னு அலைய விடுவாங்கன்னு ஒரு பயம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்குல்ல, அது இப்ப தேவையில்லாத பயம். 2016-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, 2019-ல மோட்டார் வாகன சட்டத்துலயே 134ஏ-ன்னு சேத்துட்டாங்க, உதவி பண்ணவர் மேல கேஸ் போட முடியாது, பேரு விலாசம் குடுன்னு கட்டாயப்படுத்தவும் முடியாது. காசு யார் கட்டுவான்ற பயமும் வேணாம், 2021 டிசம்பர்லேந்து நம்ம மாநிலத்துல இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, ரோட்டு விபத்துல அடிபட்டவங்களுக்கு திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரில மொத 48 மணி நேர சிகிச்சைய அரசு பாத்துக்கும், பிரைவேட் ஆஸ்பத்திரியும் இதுல இருக்கு. அந்த பசங்க வண்டி கண்ணாடிலயே இத ஸ்டிக்கரா ஒட்டி வெச்சிருக்காங்க. இன்னொண்ணும் ஒட்டி வெச்சிருக்காங்க, ஆம்புலன்ஸுக்கு வழி விடலைன்னா அதே சட்டத்துல 194இ-ல பத்தாயிரம் ரூபாய் அபராதம்னு. வழி விடாதவங்கள விட வண்டி பின்னாடியே ஒட்டிட்டு வந்து சிக்னல தாண்டுற பைக்காரங்க தான் பெரிய தொல்லைன்னு அந்த ஆட்டோ அண்ணன் சொன்னாரு. பின் கதவ ஒட்டி வராதீங்க, சட்டுன்னு பிரேக் அடிச்சா நீங்களும் உள்ள படுக்க வேண்டி வரும்.

இப்ப பிரைவேட் வண்டி. கம்பெனி பேரு, ஆஸ்பத்திரி பேரு ரெண்டும் எழுத மாட்டேன், ஒரு வண்டில நடந்தத வெச்சு எல்லாரையும் சொல்லக்கூடாது, நல்லா நடத்துறவங்களும் நெறைய பேர் இருக்காங்க.

ஜூன் மாசம் பாட்டிக்கு நிமோனியா, மூச்சு திணறல், ஒரு இடத்துலேந்து இன்னொரு இடத்துக்கு மாத்தணும்னாங்க. ஐசியூ ஆம்புலன்ஸ்னு சொல்லி 4500 ரூபாய் பேசினாங்க. வண்டி வெளிய பாக்க பளபளன்னு, உள்ள மானிட்டர், வென்டிலேட்டர் எல்லாம் இருந்துச்சு. பின்னாடி ஏறினது ஒரு பையன், இருவது வயசு இருக்கும், கழுத்துல ஸ்டெதஸ்கோப். ஏறினதும் மாஸ்க மாட்டி ஆக்சிஜன ஃபுல்லா திருப்பி விட்டுட்டு ஃபோன எடுத்து பாக்க ஆரம்பிச்சுட்டான். அளவு எவ்ளோ இருக்கு தம்பின்னு கேட்டேன், மானிட்டர காட்டினான், அதுல வயரே பாட்டி மேல மாட்டல, கோடு கோடா ஓடிட்டு இருக்கு. கோயம்பேடு மேம்பாலம் ஏறும்போது பாட்டி உதடு நீலமாச்சு. சிலிண்டர் முள்ள பாத்தா சிவப்புல கெடக்கு. இன்னொரு சிலிண்டர மாத்த அந்த பையனுக்கு சாவி எங்க இருக்குன்னு தெரியல, டிரைவர் வண்டிய பாலத்துலயே ஓரங்கட்டிட்டு பின்னாடி ஓடி வந்து மாத்தினாரு. மூணு நிமிஷம் இருக்கும். அந்த மூணு நிமிஷமும் பாட்டி என் விரல புடிச்சிருந்த புடி இன்னும் கைல இருக்கு. எறங்கினப்பறம் வெயிட்டிங், ஆக்சிஜன், ஸ்டாஃப்னு சொல்லி 7000 வாங்கினாங்க. பாட்டி பொழச்சுட்டாங்க, அந்த தைரியத்துல தான் இத எழுதவே முடியுது.

அந்த பையன அப்பறம் கேண்டீன் பக்கம் பாத்தேன். சத்தம் போடணும்னு தான் போனேன். அண்ணா, சேந்து ஒரு மாசம் தான் ஆகுது, யாரும் எதுவும் சொல்லி குடுக்கல, ஏறு ஏறுன்னு ஏத்தி விடுறாங்கன்னு கண்ணு கலங்கினான். அவன திட்ட வாய் வரல. வண்டிக்கு ஏசி போட, ஸ்டிக்கர் ஒட்ட செலவு பண்றவங்க அவனுக்கு ஒரு மாசம் பயிற்சி குடுக்க செலவு பண்ணல, அது தான் குத்தம். இத்தனைக்கும் ஆளுக்கு பஞ்சம் இல்ல, நம்ம எம்ஜிஆர் மருத்துவ பல்கலைக்கழகத்துலயே ஆக்ஸிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர்னு பிஎஸ்சி இருக்கு, படிச்சுட்டு வெளிய வர்றவங்களுக்கு ஒழுங்கான சம்பளம் குடுத்தா வருவாங்க.

அதனால பிரைவேட் வண்டி கூப்பிடுறதுக்கு முன்னாடி நான் இப்ப கேக்குறது இதெல்லாம். பின்னாடி யார் உக்காருவாங்க, என்ன படிச்சிருக்காங்க. சிலிண்டர் எத்தன, முள் எங்க நிக்குது, இத ஃபோன்ல கேக்காதீங்க, ஏறுறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க. ரேட்டுல வெயிட்டிங், திரும்பற செலவு எல்லாம் அடங்குமா, அத மெசேஜா அனுப்ப சொல்லுங்க. ஆம்புலன்ஸுக்குன்னு ஏஐஎஸ் 125-னு ஒரு இந்திய தரநிலை இருக்கு, அதுல ஏ, பி, சி, டி-ன்னு நாலு வகை. ஏ-ங்கறது பைக் மாதிரி மொத ஆளா ஓடி வர்ற வண்டி, பி-ங்கறது சும்மா நோயாளிய கொண்டு விடுறது, சி-ல அடிப்படை உயிர் காக்கும் வசதி, டி-ல தான் வென்டிலேட்டர் வரைக்கும். எந்த வகைன்னு கேளுங்க. கேட்டதுமே பதில் சொல்றவங்க வண்டில தைரியமா ஏறலாம்.

என் பெரியப்பா பொண்ணு நியூ ஜெர்சில இருக்காங்க, ஐடி வேல, இந்த கதையெல்லாம் ஃபோன்ல சொன்னப்ப தான் தெரிஞ்சுது, அக்கா ரெண்டு வருஷமா செவ்வாக்கெழம ராத்திரி அவங்க ஊர் ஆம்புலன்ஸ்ல வாலன்டியராம், வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. அங்க நெறைய ஊர்ல ஆம்புலன்ஸ் ஸ்குவாடே ஊர்க்காரங்க சம்பளம் இல்லாம நடத்துறது தானாம். ரொம்ப சீரியஸ் கேஸ்னா ஆஸ்பத்திரிலேந்து சம்பளத்துக்கு இருக்கற பாராமெடிக் (ஈஎம்டிய விட கூட பயிற்சி எடுத்தவங்க) தனி வண்டில வந்து சேந்துக்குவாங்க. ஆனா அக்கா சும்மா ஏறிட முடியல, மாசக்கணக்கா கிளாஸ் போய், சம்பளம் வாங்குற ஈஎம்டி எழுதுற அதே பரீட்சைய எழுதி பாஸ் பண்ணி தான் ஏறினாங்க. அக்கா சொன்ன இன்னொரு கதை எனக்கு மனசுல நின்னு போச்சு. அமெரிக்கால வர்ஜீனியா பக்கம் ரோனோக்னு ஒரு ஊர், ஜூலியன் ஸ்டான்லி வைஸ்னு ஒருத்தர், சின்ன வயசுல ஆத்துல ரெண்டு பேர் மூழ்கி போறத கரைல இருந்தவங்க ஒண்ணும் பண்ண முடியாம பாத்துட்டு நின்னத பாத்தவரு, அது மனசுல தச்சு போய் 1928-ல கூட வேல பாத்தவங்கள சேத்துக்கிட்டு அந்த நாட்டோட மொத வாலன்டியர் மீட்பு குழுவ ஆரம்பிச்சாராம். அப்பா நெஞ்ச தடவிட்டு உக்காந்திருந்தப்ப நானும் அப்படி தான் கரைல நின்னேன்.

மூணு வண்டியயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா எனக்கு தோணுறது, சம்பளம் வாங்குறாங்களா வாங்கலியா, வண்டி புதுசா பழசாங்கறது எல்லாம் அப்பறம் தான். பின்னாடி உக்கார்றவருக்கு என்ன சொல்லி குடுத்திருக்காங்க, அது தான் முதல் கேள்வி. 108-க்கு அஞ்சுக்கு அஞ்சு, அதுல பாதி அந்த பொண்ணுக்கும் பைலட் அண்ணனுக்கும் தனியா. ஏரியா பசங்களுக்கு மனசுக்கு அஞ்சு, அவசர கேஸ்னா மூணு. அந்த பிரைவேட் வண்டிக்கு ஒண்ணு, அதுவும் பாலத்துல ஓடி வந்து சிலிண்டர் மாத்தின டிரைவருக்காக.

ரேட்டிங் குடுத்ததோட விட மனசு வரல. சென்னைல முதலுதவி சொல்லி குடுக்குற தன்னார்வ அமைப்புங்க இருக்கு, அலர்ட்னு ஒண்ணு 2005-லேந்தே பண்ணிட்டு இருக்காங்க, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், ரெட் கிராஸும் கிளாஸ் எடுக்குறாங்க. நானும் அந்த பசங்கள்ல நாலு பேரும் ஒரு ஞாயித்துக்கெழம போய் ஒரு பயிற்சில உக்காந்தோம். இதயம் நின்னு போனவங்களுக்கு பண்ற சிபிஆர் தான் மொதல்ல: ரப்பர் பொம்மை நெஞ்சு நடுவுல உள்ளங்கைய வெச்சு, நிமிஷத்துக்கு 100-லேந்து 120 தடவ, அஞ்சு சென்டிமீட்டர் ஆழம் அழுத்தணும். பாக்க சுலபமா இருக்கும், ரெண்டு நிமிஷத்துல தோள்பட்ட கழண்டு போற மாதிரி ஆயிடும், அதனால தான் ஆள் மாத்தி மாத்தி பண்ண சொல்றாங்க. காய் எறக்குற அண்ணன் மட்டும் அசராம பண்ணாரு, சார் நிறுத்துங்க போதும்னு சொல்லி தான் நிறுத்தினாங்க. ரத்தம் கட்டுறது, அடிபட்டவர கழுத்து ஆடாம திருப்புறது, சிலிண்டர் மாத்துறது எல்லாம் கத்துக்கிட்டோம். ஈஎம்டி பண்றதுல இது கால்வாசி கூட இல்ல, அது எங்களுக்கு நல்லா தெரியும், அதுக்கு 108 தான்.

ரிட்டையர் ஆன ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அம்மா எங்க தெருவுலயே இருக்காங்க, இப்ப மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு வந்து அவங்க சொல்லி குடுக்குறாங்க. வண்டில இப்ப சிலிண்டர் ரெண்டு, சாவிய செயின் போட்டு ரெண்டாவது சிலிண்டர் கழுத்துலயே கட்டி தொங்க விட்டிருக்கோம். டேஷ்போர்டுல ஒரு நோட்டு இருக்கு, யார் எந்த ராத்திரின்னு எழுதி வெச்சிருக்கோம். சனிக்கெழம ராத்திரி பத்துலேந்து காலைல ஆறு வரைக்கும் பின் சீட்டு என்னோடது. போன வாரம் தான் மொத தடவ, ஒரு ஆயாவ விழுந்துட்டாங்கன்னு தூக்கிட்டு போனோம், கெளம்புறதுக்கு முன்னாடி பிளாஸ்டர நாலு துண்டா கிழிச்சு கம்பில ஒட்டி வெச்சேன்.